கனகமணியின் கைச்சூடு

கேஸ் தீர்ந்துபோன ஒரு காலையில், சிலிண்டர் வருவதற்குள் பால் திரிந்துவிடுமே என்ற கவலையோடு, பால் ஊற்றிய எவர்சில்வர் போசியை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்ற கனகமணி அக்காவின் கையில், அந்தப் பால் முதலில் ஓரங்களில் நுரைத்து, பிறகு நடுவில் புடைத்து, பிறகு பொங்கி விளிம்புக்கு வந்தது. அக்கா போசியைக் கீழே போடவில்லை, கத்தவில்லை, "சக்கரை எடுத்து வைக்கிலியே" என்று மட்டும் சொன்னாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த நாங்கள் தெளித்து முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தோம், போகும்போது ஆளுக்கொரு டம்ளரும் எடுத்துக்கொண்டு போனோம்.

எங்கள் கோணவாய்க்கால் காலனி பல்லடம் ரோட்டில் மில்காரர்களும் தறிக்காரர்களும் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கிற இடம், அங்கே எது நடந்தாலும் அதில் நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. கனகமணி அக்காவின் வீட்டுக்காரர் சென்னியப்பன் அண்ணன் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருளை, அதாவது காயிலை, கட்டுகிறவர். கிணற்று மோட்டாரோ, மிக்ஸியோ, ஃபேனோ, கருகிப்போனால் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். கருகிய கம்பியை அவர் வெட்டி உருவிப்போட, புதுச் செப்புக் கம்பியை அக்கா சுற்றுவாள். கம்பி தொய்யாமல் இருக்க அதைத் தன் உள்ளங்கை வழியாக இழுத்துத்தான் சுற்றுவாள், அப்படிக் கல்யாணமான வருஷத்திலிருந்து சுற்றிச் சுற்றி அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன.

அந்தக் கோடுகள் எரியும். அதனால் தினமும் சாயங்காலம் பட்டறையைக் கூட்டிப் பெருக்கிய பிறகு, அண்ணன் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அக்காவின் கைகளை மடியில் வாங்கி வைத்துத் தேய்த்துவிடுவார். பட்டறைக் கதவு சாத்துவதில்லை என்பதால் ஊரே பார்க்கும், போகிற வருகிற பெண்கள் "புதுமாப்பிள்ளைக்கு இன்னும் வேலை முடியிலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "கம்பெனி முதலாளியம்மா கையிங்க இது, பழுதானா எனக்குச் சம்பளம் யாரு குடுக்கறது?" என்பார் அண்ணன். அந்த எண்ணெய் நேரத்தை நாங்கள் கேலி செய்தோமே தவிர, பொறாமைப்படாத பெண் காலனியில் ஒருத்தியும் இல்லை.

பால் பொங்கிய காரணத்தையும் அவர்தான் சொன்னார், எங்களிடம் டம்ளர் வாங்கித் தானும் ஒரு வாய் குடித்துவிட்டு. "கரண்ட் அடுப்பு கடையில பாத்திருக்கறீங்கல்ல? கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்குமே, அந்த இண்டக்‌ஷன் ஸ்டவ்வு. அது சுடறதே இல்லீங்க. போசிதான் தன்னத்தானே சுட்டுக்குது. கண்ணாடிக்கு அடியில செப்புக் கம்பியச் சுருட்டி வச்சிருப்பான். கரண்டு அதுக்குள்ள, நீங்க ஒருக்காக் கண்ணச் சிமிட்டறதுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவ இக்கட்டால அக்கட்டாலத் திரும்பும். திரும்பறப்பெல்லாம் கம்பியச் சுத்திக் காந்தம் பொறந்து பொறந்து சாகும். மேல இரும்பு இருந்துதுன்னா, அந்த இரும்புக்குள்ளயும் கரண்டு சுழி போடும். சுழி போட்டா இரும்பு சுடாம என்ன பண்ணும்? இவ கையில இத்தன வருசமாச் சுத்துன சுத்தெல்லாம் சேந்து காயிலாயிப் போச்சு, அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று அவர் சொன்னதும் நாங்களும் அவ்வளவுதானா என்று வீட்டுக்குப் போய்ப் போசிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இரும்புக் கடாயில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தால் கடுகு வெடித்தது, இரும்பு தோசைக்கல்லைக் கொடுத்தால் தோசை முறுகியது, ஆனால் தட்டையான அடி வேண்டும், உருண்டை அடியாக இருந்தால் உள்ளங்கையில் சரியாக உட்காராமல் அரைவேக்காடாகும் என்று போகப் போகத் தெரிந்துகொண்டோம். வெறும் போசியைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நொடியில் காய்ந்து அடி வளைந்துவிடும் என்பதை ஒரு வளைந்த போசி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. போசியை இறக்கிய பிறகும் அதன் சூடு கையில் தங்கியிருக்கும் என்பதால் கொஞ்ச நேரத்துக்கு அக்காவின் கையை யாரும் தொடக் கூடாது. சமைத்து முடித்ததும் அவளுக்குள்ளிருந்து சின்ன ஃபேன் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அது நிற்கிறவரை அவளைப் படுக்கவிடக் கூடாது, முதுகுப் பக்கம் சுவரில் சாயவிடாமல் காற்றோட்டமாக உட்கார வைக்கவேண்டும். ஈரக்கையோடு அவள் எதையும் எடுப்பதில்லை. இதெல்லாம் எங்களுக்குச் செருப்பை வாசலில் விடுகிற மாதிரி பழகிப்போனது.

சங்கடம் காந்தத்தால்தான் வந்தது. எந்தப் போசி சுடும் எது சுடாது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி அடியில் காந்தம் ஒட்டிப் பார்ப்பதுதான் என்று அண்ணன் சொல்லிவிட, பழைய ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த காந்தம் ஒன்று வீடுவீடாகச் சுற்றியது. காந்தம் ஒட்டாத எவர்சில்வர்தான் ஒசத்தி, ஒட்டினால் மட்டம் என்று சொல்லிச் சொல்லியே சீர்வரிசையில் சண்டை போட்டவர்கள் நாங்கள். இப்போது ஒசத்திப் போசிக்காரர்கள் பச்சைத் தண்ணியோடு திரும்பிப் போக, மட்டமான சீர் என்று மாமியாரிடம் பேச்சு வாங்கின மருமகள்கள் ஆவி பறக்கக் குழம்பைத் தூக்கிக்கொண்டு, எந்த மாமியார் என்ன சொன்னாரோ அவர் வாசல் வழியாகவே நடந்து போனார்கள்.

ஜோதிமணிக்கு மட்டும் இது விளையாட்டாக இல்லை. அவள் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள், ஆள் வாய்க்காரி. தன் அலுமினிய இட்லிக் குண்டாவைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தாள், குண்டா சுடவில்லை. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, கரண்டும் தடங்கல் இல்லாமல் ஓடிவிடும், அதனால் சூடு பிறக்காது என்று அண்ணன் எடுத்துச் சொன்னார். காந்தத்தை வைத்துக் காட்டினார், அது எல்லாரும் பார்க்க டங்கென்று கீழே விழுந்தது. "ஊரு போசிக்கெல்லாம் இளகற கையி, எங்கூட்டுப் போசின்னா மட்டும் கோவிச்சுக்குதாக்கும்?" என்று குண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனவள் அதற்குப் பிறகு அக்காவிடம் பேசவில்லை. எதிரில் வந்தால் வானத்தைப் பார்த்தாள்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அவசரத்துக்கு ஆகும் என்று தாலிக்கொடியில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களல்லவா, அக்காவும் மாட்டியிருந்தாள். கடையில் விற்கிற கரண்ட் அடுப்பாக இருந்தால் ஊக்கு மாதிரி சின்னச் சாமானைக் கண்டுகொள்ளாதாம், அக்காவின் கைக்கு அந்த நாசூக்கு இல்லை. ஒருநாள் சேலைத் தலைப்பைச் சரி செய்யக் கையைக் கொண்டுபோனவளுக்குக் கொடியிலிருந்த ஊக்குகள் பழுத்து நெஞ்சில் சுட்டுவிட்டன. அன்றே அத்தனையையும் கழற்றிப்போட்டாள். அதிலிருந்து அவளைப் பார்க்கப் போகிற பெண்களும் ஊக்கு, சாவிக்கொத்து, இரும்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி, கேட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

பால்வாடிப் பிள்ளைகளுக்குப் பருப்புச் சாதம், ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல் பெண்களுக்கு ஷிஃப்டுக்குப் போகும் முன் சுடச்சுட டீ என்று அக்காவின் கை ஓயவே இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? கம்பி சுற்றுகிறவளைத் தேடி யாரும் வந்ததில்லை, மோட்டார் ஓடினால் அண்ணனைத்தான் பாராட்டுவார்கள். இப்போது கனகமணி கனகமணி என்று ஊரே கூப்பிட்டது, அவள் அத்தனை குரலுக்கும் "வாரனுங்க, வாரனுங்க" என்று பூரித்துப் போய் ஓடினாள். சாயங்காலமானால், ஃபேன் சத்தம் அடங்கி, கை ஆறின பிறகு, அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவார்.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணன் பட்டறையில் மயங்கி விழுந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்து, இதயம் துடிக்கிறதற்குச் சோம்பல் படுகிறது என்று, இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவு பேஸ்மேக்கர் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸ் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். செல்போனை இடதுபக்கச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, ஓடுகிற பெரிய மோட்டார்மேல் குனியக் கூடாது, வெல்டிங் பக்கம் போகக் கூடாது. "இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டுல இருக்கலாங்க, பயப்பட வேண்டாம். ஆனா நீங்க அதுக்கு ரெண்டடி தள்ளியே இருங்க. அதோட காந்தம் பேஸ்மேக்கரக் குழப்பிவிட்டுறக் கூடாது."

கட்டிலின் காலடியில், பழப்பையோடு நின்றிருந்த அக்கா, பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர் முதுகில் முட்டுகிறவரை பின்னுக்கு நகர்ந்தாள். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தார், அக்கா கடைசி சீட்டில் உட்கார்ந்தாள், கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது "அவியளும் நானும் ஒண்ணுதானுங்க" என்று அங்கிருந்தே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வயரிங்குக்குப் போடுகிற பிவிசி குழாயில் இரண்டடிக்கு மேலேயே தாராளமாக ஒரு துண்டு அறுத்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை அக்காவிடம் நீட்டினார். அன்றிலிருந்து அவர்கள் ரேஷன் கடைக்கும், மாரியம்மன் கோவிலுக்கும், செக்கப்புக்கும் அந்தக் குழாயின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டே போனார்கள், நடுவில் யாரும் குறுக்கே போகாமல் நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். சாயங்காலங்களில் எண்ணெய்க் கிண்ணத்தை அண்ணன் தரையில் வைத்துக் குழாயால் அவள் பக்கம் தள்ளிவிடுவார், அக்கா தன் கையைத் தானே தேய்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் யாரும் பட்டறை வழியாகப் போவதில்லை, கேலி பேசவும் வாய் வருவதில்லை.

யோசனை சொல்லாமல் இருக்குமா எங்கள் காலனி? அங்காளம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள், எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் தேய்க்கச் சொன்னார்கள், ரப்பர் கையுறை வாங்கித் தந்தார்கள், காந்தம் ரப்பரை மதிக்காது என்று அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்தார். கெட்டிக்காரர் ஒருவர், "மேல போசி இல்லாட்டி அடுப்புத் தானா அணைஞ்சுக்கும்ல? வெறுங்கையோட தொட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

"அணைஞ்சுதா இல்லியான்னு காட்டறதுக்கு என்ற கையில லைட்டா எரியுது?" என்றாள் அக்கா. "அவிய நெஞ்ச வச்சு நான் சோதன பண்ண மாட்டனுங்க."

பிறகு, எங்களிடம் சொல்வது போல அல்லாமல், சொன்னாள்: "ஊருக்கெல்லாம் ஒலை வைக்கற கையி, அவிய காய்ச்சல் அடிச்சா நெத்தியத் தொட்டுப் பாக்க ஒதவாதாமா."

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் குழாயின் தன் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "ஏம்மிணி, கருகுன மோட்டாரு வந்தா மொதல்ல என்ன பண்ணுவோம்?" என்று கேட்டார்.

"கட்டுனத அவுப்போமுங்க."

"அப்ப அவுத்துப் பாக்கலாம்."

முதலில் அவர்கள் வீட்டு சீலிங் ஃபேனைக் கழற்றினார்கள். அக்கா எப்போதோ சுற்றிய கம்பியை, கடைசிச் சுற்றிலிருந்து முதல் சுற்றுக்கு, வந்த வழியே திரும்ப உள்ளங்கை வழியாக இழுத்து அவிழ்த்தாள். அவிழ்த்து முடித்துவிட்டுப் பாலைக் கையில் வைத்தபோது அது பொங்குவதற்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. கொஞ்சம்தான், ஆனால் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

அக்கா கையால் சுற்றிய கம்பி எந்தெந்த வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்த வீட்டுக்கெல்லாம் சேதி போனது. அக்காவும் அண்ணனும் யாரையும் கேட்கவில்லை, சேதி எங்கள் வாய் வழியாகத்தான் போனது. சூடான டீ போகுமே என்று எங்களுக்கு ஒரு நிமிஷம் நாக்கு தடுமாறியது உண்மைதான், ஆனாலும் மறுநாள் விடிந்ததும் முதல் டேபிள் ஃபேன் வந்துவிட்டது. பிறகு மிக்ஸிகள் வந்தன, தையல் மெஷின் மோட்டார் வந்தது, பக்கத்து ஊர்களிலிருந்து மொபெட்டின் பின்னால் கட்டிக் கிணற்று மோட்டார்கள் வந்தன, தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் ஒரு தோட்டக்காரர் டெம்போவில் மோட்டாரை ஏற்றி வந்து இறக்கிவிட்டு, "வேற ஆள வச்சுக் கட்டிக்கறனுங்க, அதுவரைக்கும் மழ பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் காலத்தில் காலனி முழுக்க ஃபேன் இல்லாமல் விசிறியால் விசிறிக்கொண்டு கிடந்தோம். பட்டறையில் அக்கா ஒரு பக்கமும் அண்ணன் இரண்டடிக்கு அப்பால் மறுபக்கமும் உட்கார்ந்திருக்க, அவிழ்த்த செப்புக் கம்பி அவர்களுக்கு நடுவில் சுருள் சுருளாக ஏறிக்கொண்டே போனது.

கொதிக்கவைத்த கை மெல்ல மெல்லச் சுடவைக்கிற கையானது, பிறகு குழந்தைக்கு ஊற்றுகிற பதத்துக்கு மட்டும் வெந்நீர் வைத்தது, பிறகு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணியின் குளிரைப் போக்கிக் கொடுத்தது. அங்கேயே நின்றுவிட்டது. மோட்டார்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் போசியைப் பிடித்தால் அந்த வெதுவெதுப்பு வந்தது. என்ன மிச்சம் இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஜோதிமணியின் கிரைண்டருக்குள் இருப்பதும் அக்கா சுற்றிய கம்பிதான், அது தினமும் காலையில் கரகரவென்று ஓடுவது ஏழு வாசலுக்குக் கேட்குமே.

"அவகிட்ட ஆரும் போய்க் கேக்கக் கூடாது" என்றாள் அக்கா. "அது அவ சோறு."

நாங்கள் கேட்கவில்லை. கிரைண்டர் ஓடியது, அக்கா தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுந்தாள், குழாயின் முனையைத் துடைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு காலையில் கிரைண்டர் ஓடவில்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஜோதிமணி அந்த அலுமினிய இட்லிக் குண்டாவுக்குள் மோட்டாரை வைத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தெருவில் வந்தாள். கேட்டில் நின்று தாலிக்கொடி ஊக்குகளைக் கழற்றி டப்பாவில் போட்டாள். உள்ளே போய்க் குண்டாவைத் தரையில் இறக்கினாள்.

"நா இவகூடப் பேசறதில்லீங்ணா" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "உங்களுக்காவத்தான் கொண்டாந்திருக்கறன். அவுக்கச் சொல்லுங்க."

"மாவுக்கு என்ன பண்ணுவ ஜோதி?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் அவளுக்கு எதுக்குன்னு கேளுங்ணா" என்றாள் ஜோதிமணி, வானத்தைப் பார்த்துக்கொண்டு. வெளியாள் கையால் மோட்டார் திரும்பக் கட்டி வருகிறவரை நாங்கள் ஆட்டாங்கல்லைக் கழுவி முறைபோட்டு அவளுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தோம். எங்கள் கையால் ஆட்டிய மாவு சரியில்லை என்று அத்தனை பேரையும் திட்டினாள்.

கடைசிச் சுற்று அவிழ்ந்தபோது கம்பியின் முனை அக்காவின் உள்ளங்கையிலிருந்து நழுவிச் செப்புக் குவியலில் விழுந்தது. காந்தம் நன்றாக ஒட்டுகிற, மட்டத்திலும் மட்டமான எவர்சில்வர் போசி ஒன்றைத் தேடி எடுத்து, அதில் பால் ஊற்றி அவள் கையில் கொடுத்தோம். காலனியே பட்டறைக்குள் திரண்டு நின்றது. கிரகப்பிரவேசத்திலும் பொங்கலிலும் பால் எப்போது பொங்கும் என்று சுற்றி நின்று பார்த்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும், பொங்கிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். ஓரத்தில் நுரை வரவில்லை. நடுவில் புடைக்கவில்லை. ஒரு ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்து, சாவகாசமாகக் காலைத் தேய்த்துக்கொண்டது. ஜோதிமணி குறுக்கே வந்து விரலை விட்டுப் பார்த்து, "பச்சத் தண்ணியாட்ட இருக்குது" என்றாள். யாரோ ஓடிப்போய்க் கேட்டிலிருந்த டப்பாவைக் கொண்டுவந்து அத்தனை ஊக்குகளையும் அக்காவின் உள்ளங்கையில் கொட்டினார்கள், அவை சும்மா கிடந்தன.

அண்ணன் குழாயின் தன் முனையைத் தரையில் வைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். அக்கா பழக்கத்தில் பின்னுக்கு நகர்ந்தாள், சுவர் முட்டியது.

"கிண்ணத்த அங்கயே வச்சுத் தள்ளுங்க, நானே தேச்சுக்கறன்" என்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையக் குடு அம்மிணி."

அவள் கொடுக்கவில்லை, அவர்தான் எட்டிப் பிடித்தார். பிடித்து, தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, "என்ன இவ்வளவு ஜில்லுன்னு இருக்குது உன்ற கை" என்று சொன்னார், சொல்லிவிட்டு எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார். நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தோம், வரும்போது கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒருக்களித்து விட்டுவிட்டு வந்தோம். ஜோதிமணி மட்டும் பால் போசியைத் தூக்கிக்கொண்டு, எல்லாருக்கும் காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.